அட்டையில் வந்த வசனம் பொய்த்துவிட்டதா?

ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமத்தில் சிறிய காபித் தோட்டம் வைத்திருக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் தருகிறேன். சென்ற டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் அவர் எடுத்த, புத்தாண்டுக்கென்று வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. உங்களைக் குறித்து நான் நினைத்திருக்கும் நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று கர்த்தர் சொல்லும் அந்த வசனம்தான். மகிழ்ச்சியோடு சமையலறைச் சுவரில் ஒட்டினார். பிப்ரவரியில் கணவர் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்தது. பூவை மலர வைக்கும் கோடை மழை பிந்தி வந்தது, வந்ததும் போதவில்லை. பிறகு தோட்டத்தில் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு இறங்கியது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக நகைகள் அடகில் இருக்கின்றன. இவ்வளவுக்கும் நடுவில் ஜெபக்குழுவின் மூத்தவர் ஒருவர், "நீங்கள் சந்தேகப்பட்டீர்கள், அதனால்தான் வாக்குத்தத்தம் தடைபட்டது" என்று சொல்லிவிட்டார். சகோதரி கேட்பது இதுதான்: அந்த வசனம் எனக்குச் சொல்லப்பட்டதுதானா? கண்ணுக்கு ஒன்றுமே தெரியாதபோது தேவனுடைய வாக்கை எப்படி நம்புவது? இந்த ஆண்டும் அட்டை எடுக்கலாமா? கடைசி வரியில், போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார்: துளைப்பான் பட்ட செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, வரும் ஜூன் மழையில் நடுவதற்கு நாற்றுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். "அதுவும் வீண்தானோ என்னவோ" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, முதலில் அந்த மூத்தவரின் பேச்சை அப்புறப்படுத்திவிடுகிறேன். அது நெஞ்சில் உட்கார்ந்திருக்கும்வரை வேறு எதுவும் உள்ளே இறங்காது. இப்படிச் சொல்பவர்கள் வழக்கமாக யாக்கோபு 1:6-ஐ எடுத்துக் காட்டுவார்கள், சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன் என்று. முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசித்தால், அங்கே பேச்சு தேவனிடம் ஞானம் கேட்பதைப் பற்றியது. தோட்டத்தில் பூச்சி விழுந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது என்பது யாக்கோபின் கவலையே இல்லை. பிள்ளையைக் கொண்டுவந்த ஒரு தகப்பன் இயேசுவிடம், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான் (மாற்கு 9:24). அந்த அரைகுறை விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு மறுநாள் வா என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை அப்போதே குணமானான். சிறையில் கிடந்த யோவான் ஸ்நானன், வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டான். இயேசுவைச் சுட்டிக்காட்டி ஊருக்கே அறிவித்தவன் கேட்ட கேள்வி அது. ஆட்கள் திரும்பிப் போன கையோடு, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவனைவிடப் பெரியவன் இல்லை என்று இயேசு கூட்டத்துக்குச் சொன்னார் (மத்தேயு 11). துன்பப்படுகிறவனின் பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் யோபுவின் நண்பர்கள். புத்தகத்தின் முடிவில் தேவன் கோபித்துக்கொண்டது அவர்களைத்தான், புலம்பிய யோபுவை அல்ல (யோபு 42:7). அந்த மூத்தவர் நல்லெண்ணத்தோடுதான் பேசியிருப்பார். யோபுவின் நண்பர்களும் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள்.

இனி அட்டைக்கு வருவோம். வசனத்தைச் சீட்டெடுக்கும் வழக்கம் நம் ஊரில் முளைத்ததன்று. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியச் சபையார் 1731 முதல் நாளுக்கு ஒரு வசனமாகச் சீட்டெடுத்து ஆண்டுதோறும் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். அங்கே ஒரு நாளுக்குரிய வசனம் எல்லோருக்கும் ஒன்றே. இன்றைக்கு இந்தச் சொல்லோடு வாழ்ந்து பார்ப்போம் என்பதுதான் நோக்கம். நம் ஆராதனைகளிலோ நள்ளிரவில் தட்டு வரிசையாக வருகிறது, ஆளுக்கு ஒன்று எடுக்கிறோம், பக்கத்தில் இருப்பவர் "உனக்கு என்ன வந்தது?" என்று எட்டிப் பார்க்கிறார். மேலே ஆண்டு அச்சிட்டிருக்கிறது. அதனால் வசனம் ஓராண்டுக்கு எழுதிக் கொடுத்த உறுதிமொழி போலக் கைக்கு வந்து சேர்கிறது. வசனத்துக்கு அந்தக் கெடு கிடையாது. அட்டை அச்சடித்தவர் போட்ட கெடு அது.

நீங்கள் எடுத்த வசனத்துக்கு ஒரு கெடு உண்டுதான். அது முந்தைய வசனத்திலேயே இருக்கிறது: எழுபது ஆண்டு. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் கைவினைஞர்களையும் ஒரு பெருங்கூட்டத்தையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனான். அவர்களுக்கு எருசலேமிலிருந்து தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதம்தான் 29ஆம் அதிகாரம். எல்லாசா, கெமரியா என்ற இரண்டு தூதர்களிடம் கொடுத்தனுப்பினார். அதில் என்ன எழுதினார்? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள், எழுபது ஆண்டு நிறைவேறும்போது உங்களைச் சந்திப்பேன். அதற்குப் பிறகுதான் "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற வரி. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது நாற்பது வயதில் இருந்த ஒருவர் வாழ்நாளில் ஊர் திரும்ப வழியே இல்லை. சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டே அவர் அந்நிய மண்ணில் கிழவராகிச் செத்திருப்பார்.

அதே சமயத்தில் இன்னொரு வாக்குத்தத்தமும் ஊரில் உலவியது. அனனியா என்பவன் தேவாலயத்தில் எல்லோர் முன்னிலையிலும், இரண்டே ஆண்டில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தர் உரைக்கிறார் என்றான்; பாபிலோனுக்கு அடங்குவதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தையும் பிற்பாடு பிடுங்கி உடைத்தான் (எரேமியா 28). அட்டையில் போட மிகப் பொருத்தமான வாக்கு, கேட்டவர்கள் எழுந்து நின்று ஆமென் சொல்லியிருப்பார்கள். அதற்கு எரேமியா முதலில் சொன்ன பதில் என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் தேவன் சொல்லாததை அனனியா சொன்னான். தேவன் சொன்னது தாமதமாக வருவதற்கும், அவர் சொல்லவே இல்லாதது வராமல் போவதற்கும் வித்தியாசம் உண்டு. உங்களுக்கு வந்திருக்கும் மனக்கசப்பில் பாதி இந்த இரண்டும் கலந்துபோனதால் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் வசனம் உங்களுக்கு இல்லையா? அதில் தெரிகிற தேவனின் மனம் உங்களுக்கும் உரியது. தம் ஜனத்தைத் தண்டிக்கும் நாளிலும் அவர்களுடைய முடிவு நன்மையாக இருக்க வேண்டும் என்று திட்டமிடுகிற மனம் அது. இந்த ஆண்டில் காபி நன்றாகக் காய்க்கும் என்ற பொருளை அதிலிருந்து எடுக்க முடியாது. பவுல் இதை வேறுவிதமாகச் சொல்கிறார், தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கின்றன என்று (2 கொரிந்தியர் 1:20). அவருக்குள் நமக்கு வெளிப்படையாகக் கொடுக்கப்பட்டவை எவை என்று பாருங்கள். நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை. உபத்திரவமோ, பசியோ, பட்டயமோ கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது. மரித்தோர் எழுந்திருப்பார்கள். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பதும் கிறிஸ்து கொடுத்த வாக்குதான், யோவான் 16:33இன் நடுவில் இருக்கிறது அது. அந்த வரியை மட்டும் அச்சடித்த அட்டையை நான் எங்கும் பார்த்ததில்லை.

கண்ணுக்குத் தெரியாத வாக்கை நம்புவது பற்றிப் பேசும்போது மலையில் இருப்பவர்களுக்கு ஒரு உவமையைச் சொல்லித் தேற்றுவது வழக்கம். ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட்டில் நின்றால் மூடுபனியில் கீழே சேலம் தெரியாது, தெரியவில்லை என்பதால் சேலம் இல்லாமல் போய்விடுமா என்று கேட்பார்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. அது வேடிக்கை பார்க்க வந்தவருக்குச் சரி. பனி கலைந்தால் பார்க்கலாம், கலையாவிட்டால் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடலாம். முறிந்த தோளோடு இருக்கும் கணவரும், அடகுச் சீட்டும், வாடிய செடிகளும் உங்களுக்குக் காட்சியை மறைக்கிற பனி அல்ல. அவையும் உண்மை. விசுவாசம் என்றால் அவை இல்லை என்று பாவனை செய்வது என யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆபிரகாம் தன் சரீரம் செத்துப்போனதை அறிந்திருந்தான் என்றுதான் ரோமர் 4 பேசுகிறது. எழுபத்தைந்து வயதில் கிளம்பியவனுக்கு நூறாவது வயதில்தான் ஈசாக்கு பிறந்தான். தேசம் முழுவதும் உனக்கு என்று சொல்லப்பட்டவன், மனைவி செத்தபோது அவளைப் புதைக்க ஒரு குகையை 400 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

நிலம் வாங்கிய பேச்சு வந்ததால் எரேமியாவிடமே திரும்புகிறேன். 29ஆம் அதிகாரத்தை எல்லோருக்கும் தெரியும். 32ஆம் அதிகாரத்தை அவ்வளவாக யாரும் வாசிப்பதில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு வேதத்தில் இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

முந்தைய கடிதம் எழுதிப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. சிதேக்கியா ராஜாவின் பத்தாம் ஆண்டு. பாபிலோன் படை எருசலேமைச் சுற்றிக் கொத்தளம் போட்டிருக்கிறது. நகரத்துக்குள் பஞ்சம். எரேமியா ராஜாவின் காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்பம் சுடுகிறவர்களின் வீதியிலிருந்து நாளொன்றுக்கு ஒரு அப்பம் அவருக்கு வருகிறது, அதுவும் நகரத்தில் மாவு இருக்கும்வரை. அந்த நிலையில் தகப்பனுடைய சகோதரன் மகன் அனாமெயேல் காவல் முற்றத்துக்கே வருகிறான். ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் இருக்கிறது என்கிறான். ஆனதோத் எருசலேமிலிருந்து ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. நகரத்தைச் சுற்றி நிற்கும் எதிரியின் பிடியில் இருக்கிற இடம் அது. போதாததற்கு அந்த ஊர்க்காரர்கள்தாம் முன்னொரு காலத்தில் எரேமியாவைக் கொல்லத் திட்டம் போட்டவர்கள் (எரேமியா 11:21). நிலத்தரகர் யாரிடமாவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அனாமெயேலுக்கும் அவசரத்தில் கொஞ்சம் காசு பார்க்கும் எண்ணம் இருந்திருக்கலாம். வேதம் அதைச் சொல்லவில்லை, உறவுமுறையை அறிந்த நமக்கு அப்படித் தோன்றும், அவ்வளவுதான்.

எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளி. நம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையின் தராசில் வைத்தால் ஏறக்குறைய 190 கிராம் வரும். கனமான கொலுசு ஒரு ஜோடி செய்கிற வெள்ளி. அன்றைக்கு நாணயம் இல்லை, வெள்ளியை நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும், அவர் தராசில் நிறுத்ததை வேதம் குறித்து வைத்திருக்கிறது. இதற்குப் பிறகு வருகிற வசனங்களை வாசித்தால் சேலத்தில் சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் ஒரு காலைப் பொழுதைக் கழித்தவர்களுக்கு எல்லாம் புரியும். பத்திரம் எழுதப்படுகிறது. எரேமியா கையெழுத்துப் போடுகிறார். முத்திரை வைக்கப்படுகிறது. சாட்சிகள் அழைக்கப்பட்டு அவர்களும் கையெழுத்திடுகிறார்கள். இரண்டு பிரதிகள்: ஒன்று முத்திரையிட்டு மூடியது, ஒன்று எப்போது வேண்டுமானாலும் பார்ப்பதற்காகத் திறந்திருப்பது. விற்றவன், சாட்சிகள், முற்றத்தில் உட்கார்ந்திருந்த யூதர்கள் எல்லோருடைய கண் முன்பாகவும் பத்திரங்கள் எரேமியாவின் எழுத்தர் பாருக்கின் கையில் கொடுக்கப்படுகின்றன. அநேக நாள் இருக்கும்படி இவற்றை ஒரு மண்பாண்டத்தில் வை என்று எரேமியா சொல்கிறார்.

அநேக நாள் என்பதைக் கவனியுங்கள். உடனே நடக்கும் என்று எரேமியா நம்பியிருந்தால் பானை தேவைப்பட்டிருக்காது. தன் காலத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் அந்தப் பத்திரத்தை எடுத்துப் பிரித்து, எல்லையைப் படித்து, நிலத்தில் காலை வைக்கப் போகிறார் என்ற கணக்கில் அவர் பேசுகிறார். பத்திரத்தைக் கண்போலக் காப்பது அந்த மண்ணில் நெடுநாள் பழக்கம். சாக்கடல் ஓரத்துக் குகை ஒன்றில் 1961இல் கிடைத்த தோல் பையில் பாபத்தா என்ற யூதப் பெண்ணின் ஆவணக் கட்டு இருந்தது. தோட்ட உரிமையும் கல்யாண ஒப்பந்தமும் வழக்குப் பத்திரங்களுமாக எல்லாம் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியிலும் இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுதப்பட்டவை. போரில் தப்பி ஓடும்போதும் அவள் விடாமல் எடுத்துக்கொண்டது அந்தப் பையை. மூலப்பத்திரம் எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது என்று நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பத்திரம் பானைக்குள் போன பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எரேமியா ஜெபிக்கிறார். "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை" என்று தொடங்குகிறார். 32:17. இந்த வசனம் அட்டையிலும் நாட்காட்டியிலும் வராத ஆண்டே கிடையாது. ஆனால் ஜெபம் அங்கே நிற்பதில்லை. எகிப்திலிருந்து மீட்டதைச் சொல்கிறார், ஜனங்கள் கீழ்ப்படியாததைச் சொல்கிறார், இதோ கொத்தளங்கள் என்கிறார், பட்டயமும் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்துவிட்டன என்கிறார். 25ஆம் வசனத்தில் ஜெபம் முடிகிறது. எப்படி முடிகிறது? நகரமே எதிரியின் கையில் போய்க்கொண்டிருக்கிறது, நீரோ என்னைப் பணம் கொடுத்து நிலம் வாங்கு, சாட்சி வை என்று சொன்னீரே! அவ்வளவுதான். ஆமென் இல்லை, ஸ்தோத்திரம் இல்லை. ஒன்றுமே புரியாத மனிதனின் பேச்சு.

ஆக, கையெழுத்து முதலில், குழப்பம் பிறகு. மனம் தெளிந்த பிறகு பத்திரம் போடலாம் என்று எரேமியா காத்திருந்தால் அந்த நிலம் வாங்கப்பட்டே இருக்காது. தேவன் பொய் சொல்லமாட்டார் என்பதற்கு அவர் கையால் செய்யக்கூடியது ஒன்று இருந்தது, அதைச் செய்தார். பிறகு உள்ளே புகைந்ததை ஒளிக்காமல் அதே தேவனிடம் கொண்டுபோய்க் கொட்டினார். விசுவாசம் என்றால் உள்ளத்தில் சந்தேகமே எழாத ஒரு நிலை என்று நினைத்துக்கொண்டு, அந்த நிலை நமக்கு வரவில்லையே என்று வருந்துகிறோம். எரேமியாவுக்கும் வரவில்லை.

தேவனுடைய பதில் 27ஆம் வசனத்தில் தொடங்குகிறது: "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?" எரேமியா சொன்ன வாக்கியத்தையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கிறார். கேட்டது தவறு என்று ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நகரம் எரியும் என்பதையும் மறைக்கவில்லை. எரியும், அதற்குப் பிறகு இந்தத் தேசத்தில் திரும்பவும் நிலம் வாங்குவார்கள், பத்திரம் எழுதுவார்கள், சாட்சி வைப்பார்கள் என்கிறார். அடுத்த ஆண்டே நகரம் எரிந்தது. எரேமியா அந்த நிலத்தில் ஒரு நாளும் ஏர் பூட்டவில்லை. மிஞ்சியவர்கள் அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், அங்கே அவருடைய முடிவு எப்படி இருந்தது என்று வேதம் சொல்வதில்லை. கி.மு. 538இல் பாரசீக ராஜா கோரேஸ் சிறைப்பட்டவர்கள் ஊர் திரும்பலாம் என்று கட்டளையிட்டான். எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில் திரும்பியவர்களின் கணக்கு இருக்கிறது, ஊர் ஊராக. வேதபாட வகுப்புகளில் எல்லோரும் தாண்டிப் போகிற அதிகாரம். 23ஆம் வசனம்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.

அந்தப் பானை என்ன ஆயிற்று, பதினேழு சேக்கல் நிலம் யார் கைக்குப் போயிற்று என்று வேதம் சொல்வதில்லை. ஆனால் அந்த ஊருக்கு ஆட்கள் திரும்பினார்கள், எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். தேவனுடைய வாக்கை எதை வைத்து நம்புவது என்று கேட்டால், அதிகபட்சம் என் கையில் இருப்பது இப்படிப்பட்ட கணக்குகள்தாம்: அவர் சொன்னார், காலம் கடந்தது, சொன்னதைக் கேட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், சொன்னது நடந்தது. கிறிஸ்துவின் கல்லறையில் முடிந்த கணக்கும் இந்த வரிசையில்தான் வருகிறது. அவர் கெத்செமனேயில் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் வேண்டிக்கொண்டு கேட்கப்பட்டார் என்கிறது எபிரெயர் 5:7. ஜெபம் கேட்கப்பட்டது, மறுநாள் அவர் சிலுவையிலும் அறையப்பட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் யாராவது அங்கே நின்று, இவருடைய ஜெபம் தடைபட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் சாட்சியங்கள் எல்லாம் சொன்னவர் பக்கம்தான் இருந்திருக்கும். மூன்றாம் நாளில்தான் அப்படிச் சொன்னவரின் பேச்சு தப்பாகிப் போயிருக்கும்.

இப்போது உங்கள் கடைசி வரி. நம்பிக்கை போய்விட்டது என்று எழுதியவர், நாற்றுக்கு முன்பணம் கொடுத்ததையும் எழுதியிருக்கிறீர்கள். காபி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துளைப்பான் விழுந்த அராபிகா செடியை வெளியிலிருந்து பார்த்தால் இலை மஞ்சளாகி வாடியிருக்கும், தண்டில் மேடு மேடாக வரி தெரியும். தண்டைப் பிளந்தால் உள்ளே புழு குடைந்த பாதை நெடுக மரத்தூள் அடைத்துக் கிடக்கும். அந்தச் செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கி எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டு பறந்து பக்கத்துச் செடிக்குப் போகும். எரித்த இடத்தில் புதிதாக நட்டால் பலன் பார்க்க மூன்று நான்கு ஆண்டுகள். இதையெல்லாம் அறிந்தவர்கள் நீங்கள் இருவரும். அறிந்தும், கடனிலும் முறிந்த தோளிலும் இருந்துகொண்டு, நாற்றுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். அதை வீண் என்று எழுதாதீர்கள். அடுத்த ஆண்டு விளைச்சல் நிச்சயம் என்று நான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனால் நாற்று நடுவதும், மருத்துவர் சொன்ன தோள் பயிற்சியை விடாமல் செய்வதும், ஏற்காட்டில் காபி வாரிய அலுவலகத்துக்குப் போய் மறுநடவுக்கு உதவி இருக்கிறதா என்று விசாரிப்பதும், அடகுச் சீட்டின் தேதியைக் குறித்து வைப்பதும் அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதியதும் இதே மாதிரியான வேலைகளைத்தான்.

ஜெபத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் சபைகளில் சாட்சி நேரம் என்றால் முடிந்துபோன கஷ்டத்தைத்தான் சொல்கிறோம். நடுவில் நிற்பவர் சொல்ல இடம் இல்லை. அதனால் நடுவில் நிற்பவர்கள் தங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எபிரெயர் 11ஐ முழுவதும் வாசியுங்கள். 34ஆம் வசனத்தில் விசுவாசத்தினால் பட்டயத்துக்குத் தப்பியவர்கள் இருக்கிறார்கள், 37ஆம் வசனத்தில் அதே விசுவாசத்தோடு பட்டயத்தினால் வெட்டப்பட்டவர்கள். எழுதியவர் இரண்டு கூட்டத்தாரையும் பிரித்து மதிப்பெண் போடவில்லை. ஜெபிக்க வார்த்தை வராத இரவில் சங்கீதம் 88ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சங்கீதங்களில் வெளிச்சம் வராமலேயே முடிவது அது, கடைசி வரியும் இருள்தான். அதையும் சேர்த்துத்தான் தேவன் தம் ஜனத்துக்குப் பாட்டுப் புத்தகமாகக் கொடுத்திருக்கிறார். எல்லாம் நன்மைக்கே என்று உடனே சிரித்த முகத்தோடு சொல்லிவிட வேண்டும் என்று உங்களை யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

டிசம்பர் 31 அன்று அட்டை எடுக்கலாமா? எடுங்கள். சபையோடு சேர்ந்து நிற்கிற இரவு அது, தட்டு உங்கள் முன் வரும்போது கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். எந்த வசனம் வந்தாலும் வீட்டுக்குப் போய் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள், யார் யாரிடம் எந்த நிலையில் சொன்னது என்று பாருங்கள். பழைய அட்டையைக் கிழிக்கவும் வேண்டாம். அதன் கீழே பேனாவால் பத்தாம் வசனத்தையும் எழுதி வையுங்கள், அது இருந்தால்தான் பதினோராம் வசனம் முழுதாகும்.

இன்னொன்று. இவ்வளவு நீளமான கடிதத்தில் உங்கள் கணவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. விழுந்தது அவர், எரித்தது அவர் நட்ட செடிகள். ஆண்கள் இப்படிப்பட்ட நேரத்தில் வாயைத் திறப்பதில்லை, அதனால் அவருக்குக் கேள்வி இல்லை என்று ஆகிவிடாது. இன்று இரவு எரேமியா 32ஐ இருவருமாக வாசியுங்கள். பத்திரம், சாட்சி, எல்லை என்ற பேச்செல்லாம் அவருக்கு உடனே பிடிபடும். 25ஆம் வசனம் வரும்போது புத்தகத்தை அவரிடம் கொடுத்து, அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.